பிணை நின்றவளை நான் கேட்கவில்லை

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் சட்டம் படித்தவர்கள், கணினி தெரிந்தவர்கள். எனக்கு இரண்டும் அரைகுறை. ஹட்டனில் ஒரு இரும்புக்கடைக்கு மேல்மாடியில், கடன்பட்டு வந்தவர்களுக்கு வழி சொல்லும் மேசையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தேன். என் தகுதி அவ்வளவுதான். போன கிழமை உங்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து, "மிஸ், வங்குரோத்துச் சட்டத்த எங்களுக்குச் சுருக்கமா எழுதித் தாங்க" என்று கேட்டார். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, போய்ப் படியுங்கள். நான் எழுதித் தருவது என் தப்பை.

வங்குரோத்து என்ற சொல்லை முன்பெல்லாம் அரசியல் மேடையில்தான் கேட்போம். ஒரு கட்சிக்காரர் மற்றக் கட்சிக்காரரைத் திட்டுவதற்கு வைத்திருந்த சொல் அது. நாடே கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்த பிறகு அது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயம் லயமாகப் புழங்கத் தொடங்கியது. கடைக்காரர் பாக்கியைக் கேட்டால், "நாடே வங்குரோத்து, நான் மட்டும் கட்டணுமா முதலாளி?" என்று பெண்கள் சிரிப்பார்கள். உங்கள் மேசைக்கு எதிரே உட்காருகிறவள் அதே சொல்லைச் சொல்லும்போது சிரிக்க மாட்டாள். ஏதோ களவில் பிடிபட்டவள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு சொல்லுவாள்.

அவளுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். வங்குரோத்து என்பது தண்டனை இல்லை. தன்னிடம் இருப்பதையும் தான் கொடுக்க வேண்டியதையும் ஒன்றுவிடாமல் நீதிமன்றத்தின் முன் எடுத்துவைத்து, என்னால் இவ்வளவுதான் முடியும் என்று சொல்லுகிற வழி அது. கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்; சத்தம் போடுகிறவருக்கு முதலில், வாய் பேசாதவருக்குக் கடைசியில் என்பது அங்கே கிடையாது. நேர்மையாக நடந்தவளுக்கு முடிவில் விடுதலை உண்டு. தோட்டத்து ஆட்கள் அந்த வாசல்வரை போனதை என் காலத்தில் இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். மற்றதையெல்லாம் பேசித் தீர்த்தோம், அல்லது மத்தியஸ்த சபையில் முடித்தோம்.

நேர்மை என்று சொன்னேன். நல்லதண்ணியில் சிவனொளிபாதமலை சீசனுக்குக் கடை போடுகிற ஒருவர், மனுப் போடுவதற்கு முந்தின கிழமை தன் ஆட்டோவை மச்சான் பேருக்கு எழுதிவிட்டு என்னிடம் வந்தார். "இப்ப என்கிட்ட ஒண்ணுமே இல்ல மிஸ், நான் சுத்தப் பரதேசி" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வந்த ஆட்டோ எது என்று கேட்டேன். அதே ஆட்டோதான், கீழே நின்றது. மச்சானிடமிருந்து அதைத் திருப்பி எழுதி வாங்கும்வரை அவர் மனுவை நான் தொடவில்லை. ஒரு பொருளை ஒளித்தாலும் ஒரு பேரை மறைத்தாலும் முழு மனுவும் கெட்டுப்போகும். இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு தயக்கமும் இருந்ததில்லை. புஷ்பராணி வருகிறவரைக்கும்.

புஷ்பராணி டயகமப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். அம்பது வயது முடிந்து இரண்டு மாதம். கொழும்பில் மூட்டை தூக்கப் போன புருஷன் காசு அனுப்புவதை நிறுத்தி இரண்டு வருடம். மாவும் மண்ணெண்ணெயும் யானை விலை விற்ற காலத்தில் ஒரு நுண்கடன் கம்பனியில் கடன் எடுத்தாள். அதைக் கட்ட இன்னொரு கம்பனி, அதைக் கட்ட மற்றொன்று. இப்படி நாலு கம்பனி. டவுனில் சாமான் வாங்குகிற கடை முதலாளிக்கும் பாக்கி. வெள்ளம் தலைக்கு மேலே போனால் சாண் என்ன, முழம் என்ன? அப்படி ஒரு நிலையில், மழைக்கு நனைந்த சேலையோடு, கடன் புத்தகங்களை ஒரு மாவுப் பையில் சுற்றிக் கொண்டுவந்தாள். கேட்டது ஒரே கேள்வி.

"பேர வெட்டிட்டு ஈ.பி.எப்.ப எடுத்துக் கட்டிறவா மிஸ்?"

வேறு ஊரிலிருந்து வந்த உங்களுக்காகச் சொல்கிறேன். பேர் வெட்டுவது என்றால் தோட்டத்து ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றுவிடுவது. அம்பது வயதான பெண் அப்படி நின்றால், சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்த சேமலாப நிதி, அதுதான் ஈ.பி.எப்., மொத்தமாகக் கைக்கு வரும். முப்பது வருட மழைக்கும் அட்டைக்கடிக்கும் அவளுக்கு மிஞ்சுவது அது ஒன்றுதான். சாகிறவரை யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கலாம் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருக்கிற காசு. கடன் முற்றினதும் எங்கள் பெண்கள் முதலில் கைவைப்பதும் அதில்தான். கம்பனிக்காரர் வாசலில் வந்து நிற்கிற மானக்கேட்டுக்கு அவர்களுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றே.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது.

"தொடவே கூடாது" என்றேன். ஈ.பி.எப். நிதியில் இருக்கிறவரைக்கும் எந்தக் கம்பனியும் அதில் கைவைக்க முடியாது, நீதிமன்றமும் அதை எடுத்துக் கொடுக்காது என்று விளக்கினேன். கூலி, படுக்கை, சட்டி பானை, கொழுந்துக் கூடை ஆகியவையும் அப்படித்தான். அடகு வைத்த நகை மட்டும் வேறு கதை, அது கடன் கொடுத்தவர் கையிலேயே இருக்கிறது. ஈ.பி.எப்.பை வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து அது வெறும் காசு. காசுக்கு எல்லாரும் கை நீட்டலாம். சட்டம் வேலி போட்டுக் காத்து வைத்திருப்பதை நாமே வேலியைப் பிரித்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். வங்குரோத்து மனுப் போடலாம், அதுவரை ஒருவருக்குக் கட்டி மற்றவரை விடுவது சரியில்லை, ஆகவே எந்தக் கம்பனிக்கும் கட்ட வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவள் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் யாருக்கும் பயப்பட வேணாமா மிஸ்?" என்று கேட்டாள்.

"யாருக்கும் பயப்பட வேணாம்" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடச் சட்டப்படி பிழையில்லை. மதியச் சாப்பாட்டில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் புத்தி அன்றைக்கு எவ்வளவு மட்டு என்பது தெரிய நாலு மாதம் ஆனது.

எங்கள் அலுவலகத்துக்குக் கிழமையில் ஒருநாள் ஒரு சட்டத்தரணி வருவார். டவுனில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண், என்னைவிட இருபது வயது இளையவர். நான் நீட்டி முழக்குவதை அவர் மூன்று கேள்வியில் முடித்துவிடுவார். அதனால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. கம்பனிகளில் ஒன்று புஷ்பராணிமேல் வழக்குப் போட்டிருந்தது. மறுநாள் காலை வழக்குத் தவணை. அன்று பின்னேரம் மூன்று மணிக்குள் எங்கள் மனுவை நீதிமன்றத்தில் கொடுத்தாக வேண்டும். பதினொரு மணிக்கு அவர் வந்து கோப்பைத் திறந்தார், இரண்டு பக்கம் புரட்டினார்.

"அக்கா, இதுல ஒண்ணு குழுக் கடன். பிணைக்கு யார் யார் கையெழுத்து வச்சிருக்காங்க?"

மனுவில் கையெழுத்துப் போட வந்திருந்த புஷ்பராணியை நான் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

குழுக் கடன் எனக்குத் தெரியாத விஷயமா? ஒரே லயத்தில் ஐந்து பெண்கள் சேருவார்கள். ஒருத்தியின் கடனுக்கு மற்ற நாலு பேரும் பிணை. கிழமைக்கு ஒரு கூட்டம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், அதுவரை யாரும் எழுந்து போக முடியாது. கடன்பட்டவள் வங்குரோத்தாகி விடுதலை பெற்றாலும் பிணை நின்றவளுக்கு அந்த விடுதலை கிடையாது. பிணை என்பதே அந்த நாளுக்காகத்தான். இதைப் பத்துத் தோட்டத்தில் மேடை போட்டு நானே சொல்லியிருக்கிறேன். என் மேசைக்கு எதிரே ஒருத்தி வந்து உட்கார்ந்து அழுதபோது, அவள் ஒருத்திதான் என் கண்ணுக்குத் தெரிந்தாள்.

சட்டத்தரணி மறுபடி கேட்ட பிறகு புஷ்பராணி வாய் திறந்தாள்.

"நாலு பேரு மிஸ். ஒருத்தி புருஷன் கத்திய எடுத்துக்கிட்டு வந்தான், அவ வீட்டுப் பக்கம் காசு கேட்டு வர்ற கம்பனித் தம்பி போகல. ஒருத்தி வீட்டு வேலைக்கு கொழும்புக்கு போயிட்டா. ஒருத்தி பொறந்த தோட்டத்துக்கே போயிட்டா. மாரியாயி அக்காதான் தனியா அம்புட்டுக்கிட்டாங்க. அந்தத் தம்பி தெனமும் வந்து அக்கா வாசப்படியில ஒக்காந்துக்குவான். கத்த மாட்டான். சும்மா ஒக்காந்திருப்பான். வேல முடிஞ்சு வர்றவங்க எல்லாரும் பாப்பாங்க."

"பிறகு?"

"ஒருநா பெரட்டுல அக்கா பேர கூப்புடல மிஸ்."

பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடம். மாரியாயி, வயது ஐம்பத்திரண்டு, புருஷன் இல்லாதவள், பிள்ளையும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் பேரை வெட்டிக்கொண்டு, ஈ.பி.எப்.புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். காசு வந்ததும் புஷ்பராணியின் குழுக் கடனை வட்டியோடு கட்டித் தீர்த்தாள். மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கத்திவிட்டேன். கத்துவதற்கு எனக்கு ஒரு யோக்கியதையும் இல்லை.

"நீங்க கேக்கவே இல்லியே மிஸ்" என்றாள் புஷ்பராணி.

அவள் குற்றம் சாட்டவில்லை, நடந்ததைச் சொன்னாள். அந்தக் காசைக் கம்பனியிடமிருந்து திருப்ப முடியுமா என்று சட்டத்தரணியைக் கேட்டேன். முடியாது, பிணைக்காரி தான் கொடுக்க வேண்டியதைத்தான் கொடுத்திருக்கிறாள் என்றார். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு, "ஆனா இப்ப புஷ்பராணி மாரியாயிக்குக் கடன்காரி. பிணை நின்னு கட்டினவங்களுக்கு அதத் திருப்பிக் கேக்க உரிமை இருக்கு. பட்டியல்ல மாரியாயி பேரும் வரணும். மூணு கம்பனி, கடை முதலாளி, மாரியாயி" என்றார்.

"எழுதினா என்ன ஆகும்?" என்றாள் புஷ்பராணி.

"மத்தவங்க கடன் மாதிரிதான். விடுதலை கிடைச்ச பிறகு அவங்க உங்ககிட்ட சட்டப்படி கேக்க முடியாது."

புஷ்பராணி எழுந்து நின்றுவிட்டாள். "அப்ப அக்கா பேர எழுதாதீங்க. கம்பனிக்காரன் கடன் அழியட்டும், கட முதலாளி கால்ல நான் விழுந்துக்கிறேன். அக்கா கடன் அழியக் கூடாது. எழுதுறதா இருந்தா நான் நாளைக்கே பேர வெட்டி என் ஈ.பி.எப்.ப எடுத்து அக்கா கையில குடுத்திர்றேன்."

மணி பன்னிரண்டரை. சட்டத்தரணி என்னைப் பார்த்தார். "அக்கா, அவங்க உங்க ஆள். நீங்க சொல்லுங்க."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். மாரியாயியின் பேரை விட்டுவிட வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அவள் புகார் சொல்லப் போவதில்லை. கம்பனிகளுக்குத் தெரியவும் தெரியாது. விட்டுவிட்டால் அவளுடைய கடனாவது உயிரோடு இருக்கும், என் மனசும் கொஞ்சம் ஆறும். நல்லதண்ணிக்காரர் ஆட்டோவை ஒளித்தபோது எனக்கு வந்த கோபம் அன்றைக்கு எங்கே போனது? என் தப்பை மூட ஒரு பொய் தேவைப்பட்டதும் அது பொய்யாகவே எனக்குத் தெரியவில்லை. இந்த மேசையில் உட்காருகிறவருக்கு வருகிற பெரிய சோதனை இது. இரக்கத்தில் வருகிற பொய்யை அடையாளம் காண்பது கஷ்டம்.

பொய்ச் சத்தியத்தில் போடுகிற மனு ஒருநாள் உடைந்தால் புஷ்பராணிக்கு ஒன்றும் மிஞ்சாது. அவள் ஈ.பி.எப்.பை எடுத்தால் அதுவும் நிற்காது. விடுதலைக்கு முன் ஒருத்திக்கு மட்டும் கொடுத்ததை, எல்லாருக்கும் பொதுவானது என்று மாரியாயியிடமிருந்தே திருப்பிக் கேட்க முடியும். இதையெல்லாம் புஷ்பராணியிடம் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. கதவுப் பக்கம் போய் நின்றாள்.

அப்போதுதான் நான் நாலு மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மாரியாயியின் நம்பரை வாங்கி, மூன்று பேருக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்துப் பேசினேன். நான் யார் என்பதையும், நான் கேட்காமல் விட்டதையும் முதலில் சொன்னேன். பிறகு பட்டியலைப் பற்றி, அழகுபடுத்தாமல், முழுக்கச் சொன்னேன்.

"உங்க பேர எழுதினா, பிறகு நீங்க கோர்ட்டுக்குப் போய் அந்தக் காசக் கேக்க முடியாது. எழுதாட்டி மனு பொய்யாகும். புஷ்பராணி பேர வெட்டிக்கிறேன்னு நிக்கிறா."

மாரியாயி அன்றாடக் காசுக்கு எடுத்த கொழுந்தை நிறுக்கிற இடத்தில் நின்றிருக்க வேண்டும், பின்னால் பெண்களின் சத்தம் கேட்டது.

"ஒண்ணு சொல்லுங்க மிஸ். எழுதிட்டா அவ ஈ.பி.எப். அப்புடியே இருக்குமா?"

"இருக்கும். அவ எடுக்காம இருந்தா யாரும் தொட முடியாது."

"அப்ப எழுதுங்க. என்னோடதுதான் போயிருச்சு. அவளோடதும் எதுக்குப் போகணும்?"

"அக்கா, வேணாங்க்கா" என்று புஷ்பராணி கதவருகே நின்றே அழுதாள்.

"அடி போடி, கூறுகெட்டவளே" என்றாள் மாரியாயி. "கோர்ட்டு கேக்கக் கூடாதுன்னு சொன்னது என்னையதானே? குடுக்கக் கூடாதுன்னு ஒன்னையவா சொல்லுச்சு? கையெழுத்தப் போடு."

சட்டத்தரணி தலையை ஆட்டினார். அதுவும் சட்டம்தான். விடுதலையானது, கடனைத் திருப்பிக் கேட்கிற உரிமையை அழிக்கும். விடுதலை பெற்ற பிறகு, தன் உழைப்பிலிருந்து தானாக ஒருவர் கொடுப்பதை அது தடுக்காது. நான் பட்டியலில் மாரியாயியின் பேரை என் கையாலேயே எழுதினேன். இரண்டேமுக்காலுக்கு மனு உள்ளே போனது.

வழக்கு இழுபட்டு, ஒன்றரை வருடம் கழித்து விடுதலை கிடைத்தது. புஷ்பராணி ஈ.பி.எப்.பை எடுக்கவில்லை, இன்றைக்கும் பேர் பதிந்துதான் வேலை செய்கிறாள். சம்பளத்தன்று முதலில் மாரியாயி வீட்டுக்குப் போய்க் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போகிறாள். சில மாதம் மூவாயிரம், சில மாதம் ஆயிரம். அந்த வேகத்தில் போனால் முழுவதும் கொடுத்து முடிக்கப் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் ஆகும் என்று கணக்குப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வேறு வேலை இல்லை. மாரியாயி மலையில் இருந்தாள். பேர் வெட்டிக்கொண்டவர்களுக்குத் தோட்டத்தில் கைக்காசு வேலை மட்டும் உண்டு. எடுத்த கொழுந்துக்கு எடைபோட்டு அன்றைக்கே காசு, அதற்கு மேல் ஈ.பி.எப்.பும் இல்லை, எதுவும் இல்லை. கூடையோடு ரோட்டுக்கு இறங்கி வந்தாள். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். வாயில் வெற்றிலை.

என் தப்பை மறுபடியும் சொன்னேன். அன்றைக்குப் புஷ்பராணியிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால், நாலு பேரையும் கூப்பிட்டிருப்பேன், கம்பனியோடு எல்லாரையும் சேர்த்தே பேசியிருக்கலாம், தவணையைக் குறைத்திருக்கலாம், உங்கள் காசு உங்களிடமே இருந்திருக்கும் என்றேன். பேசி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. தோட்டத்துப் பெண்கள் என் முன்னால் அழுது பார்த்திருக்கிறேன், ஒரு தோட்டத்துப் பெண்ணின் முன்னால் நான் அழுதது அன்றுதான்.

மாரியாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அன்னைக்கு அவ ஒங்ககிட்ட வரும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தது நான்தான் மிஸ்" என்றாள். "பஸ்சுக்கு காசும் நான்தான் குடுத்தேன். ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தீங்கன்னா, அடுத்த பஸ்சுல நானும் வந்திருப்பேன்."